தொடரின் முடிவும் திரையின் முடிவும்: 'எவாங்கேலியன்' திரைப்படம் குறித்த பார்வையாளர் கருத்துகள்

முன்னுரை

தொலைக்காட்சியில் தொடராக ஒளியேறிய ஒரு படைப்பு பின்னர்த் திரையரங்கிற்கு வரும்போது, அதனைக் காண வருவோர் கதையைப் புதிதாக அறிய வருபவர் அல்லர். அவர்கள் கதைமாந்தரோடு பல வாரங்கள் பழகியவர்கள். கதை இன்னவாறு முடிதல் வேண்டும் என்று தம் மனத்துள் ஒரு முடிவை வகுத்துக்கொண்டவர்கள். ஆகவே, அத்தகைய திரைப்படம் குறித்து அவர்கள் கூறும் கருத்து, திரையில் கண்டதைப் பற்றியதாக மட்டும் அமைவதில்லை. தாம் எதிர்பார்த்ததற்கும் கண்டதற்கும் இடையிலான தொலைவையே அது பெரிதும் அளக்கின்றது.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டக்கூடிய படைப்பு ஜப்பானிய அசைவூட்டப்படமாகிய 'எவாங்கேலியனின் முடிவு' என்பதாகும். 1997ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் ஜப்பானில் திரையீடு கண்ட இப்படம், 'நியான் ஜெனிசிஸ் எவாங்கேலியன்' என்னும் தொலைக்காட்சித் தொடரிலிருந்து பிறந்தது. பார்வையாளர் கருத்துகளைத் தூண்டிய படங்கள் பல உள. பார்வையாளர் கருத்துகளைத் தன் உடலுக்குள்ளேயே வைத்துக்கொண்ட படங்கள் மிகச் சிலவே. இப்படம் அச்சிலவற்றுள் ஒன்று. இதனைச் சுற்றி எழுந்த கருத்துகள் எவ்வாறு உருவாயின, அவற்றுள் எவை சான்றுகளோடு பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப்படங்களை நம் மாணவர்கள் தமிழ்த் திரைப்படங்களுக்கு இணையாகக் கண்டுவரும் காலம் இது. அவர்கள் எழுதும் திறனாய்வுக் கட்டுரைகளை மதிப்பிடும் ஆசிரியருக்கு இவ்வாராய்ச்சி ஓரளவு பயன்படக்கூடும்.

தொடர் திரைப்படமாகும் மரபு

ஜப்பானில் தொலைக்காட்சித் தொடரைத் திரைப்படமாக்கும் வழக்கம் 1970களின் பிற்பகுதியிலேயே வேரூன்றிவிட்டது. 1974 அக்டோபரில் தொடங்கிய 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ' பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தமையால் 26 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. எனினும், அத்தொடரைச் சுருக்கி 1977இல் திரைப்படமாக வெளியிட்டபோது பெருங்கூட்டம் திரண்டது. 1978 ஆகஸ்டில் வெளிவந்த அதன் தொடர்ச்சிப் படத்தில் கதைத்தலைவன் தன் கப்பலோடு உயிர்துறக்கின்றான். அதே ஆண்டு அக்டோபரில் அக்கதையே தொலைக்காட்சித் தொடராக மீண்டும் எடுக்கப்பட்டபோது, அவன் உயிர்பிழைக்குமாறு முடிவு மாற்றப்பட்டது. ஒரே கதைக்கு இரு முடிவுகள் என்பது அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம். 'மொபைல் சூட் கண்டம்' தொடரின் வரலாறும் ஏறக்குறைய இத்தகையதே. 43 பகுதிகளோடு 1980 ஜனவரியில் முடிந்த அத்தொடர், 1981இலும் 1982இலும் மூன்று திரைப்படங்களாகத் தொகுக்கப்பட்ட பின்னரே பெரும்புகழ் எய்தியது.

1960ஆம் ஆண்டு யமகுச்சி மாநிலத்தின் உபே நகரில் பிறந்த ஹிதேயாகி அன்னோ, இத்தொடர்களைக் கண்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர். பார்வையாளராக இருந்து படைப்பாளியானவர் என்று அவரைக் குறிப்பிடுவதில் தவறில்லை. பின்னாளில் தம் பார்வையாளர்களோடு அவருக்கு ஏற்பட்ட பிணக்கைப் புரிந்துகொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

இரு முடிவுகள்

'எவாங்கேலியன்' தொடர் 1995 அக்டோபர் 4 முதல் 1996 மார்ச் 27 வரை தொக்கியோ தொலைக்காட்சியில் 26 பகுதிகளாக ஒளியேறியது. தயாரிப்பில் முதன்மைப் பங்கு வகித்தது கைனாக்ஸ் நிறுவனம். பதினான்கு வயதுச் சிறுவனாகிய ஷின்ஜி, தன்னைப் புறக்கணித்த தந்தையால் அழைக்கப்பட்டு, 'எவா' என்னும் பேருருவை இயக்கி, உலகைத் தாக்கவரும் விந்தை உயிர்களை எதிர்கொள்கின்றான் என்பது கதையின் புறத்தோற்றம். முதற்பகுதிகள் போர்க்கதையாகவே நடைபோடுகின்றன. ஆயினும், தொடர் வளர வளரக் கதைமாந்தரின் அகப்போராட்டம் புறப்போரை விழுங்கிவிடுகின்றது. இறுதி இரு பகுதிகளில் போரே இல்லை. அசையா ஓவியங்கள், நிழற்படங்கள், கோட்டுவரைவுகள், திரையை நிறைக்கும் எழுத்துகள் ஆகியவற்றினூடே ஷின்ஜியின் உள்ளம் தன்னைத்தானே வினவிக்கொள்கின்றது. முடிவில், தான் வாழலாம் என்று அவன் உணர, ஏனையோர் அனைவரும் சூழ்ந்து நின்று கைதட்டி வாழ்த்துகின்றனர். அவ்வளவுதான். இருபத்து நான்கு பகுதிகளில் முடிச்சிட்ட மருமங்களுள் பெரும்பாலானவை அவிழ்க்கப்படவில்லை.

இம்முடிவை ஏற்றோரும் இருந்தனர். ஏமாற்றம் அடைந்தோர் அவர்களினும் பலராக இருந்தனர். பணமும் நேரமும் தீர்ந்தமையால் படைப்பாளர் கைவிட்டுவிட்டனர் என்றும், அதுவே துணிச்சலான கலைமுடிவு என்றும் இருவேறு கருத்துகள் மோதின. காலநெருக்கடி இருந்தது உண்மையே. இருபத்தைந்தாம் பகுதிக்கு முதலில் எழுதப்பட்ட கதை கைவிடப்பட்டு, வேறொன்று விரைந்து உருவாக்கப்பட்டது. கைவிடப்பட்ட அக்கதையே பின்னர்த் திரைப்படத்தின் முதற்பாதிக்கு அடிப்படையாயிற்று.

அத்திரைப்படமும் இடரின்றி வந்துவிடவில்லை. 1997 மார்ச் 15இல் வெளியான முதற்படத்தில் தொடரின் தொகுப்போடு புதிய முடிவு முழுமையாக இடம்பெறும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பணி முடியாமையால் புதிய பகுதியின் ஒரு துண்டு மட்டுமே காட்டப்பட்டது. எதிரியின் வெண்ணிற எவாக்கள் வானில் வட்டமிடும் இடத்தில் படம் நின்றுவிட்டது. முடிவைக் காணவேண்டி ஓராண்டு காத்திருந்தவர்கள் மேலும் நான்கு திங்கள் காத்திருக்கலாயினர். எதிர்பார்ப்பும் எரிச்சலும் ஒன்றையொன்று வளர்த்த நிலையில்தான் ஜூலைப் படம் வந்தது. அன்னோவும் கஸுயா சுருமாகியும் இயக்கிய அப்படத்தில் புறவுலகப் போர் உண்டு. கொடிய இறப்புகள் உண்டு. மாந்த உயிர்கள் யாவும் தம் உருவிழந்து ஒன்றாய்க் கரையும் ஊழிக்காட்சி உண்டு. இறுதியில் செங்கடற்கரையில் ஷின்ஜியும் அசுக்காவும் மட்டும் கிடக்கின்றனர். அவன் அவள் கழுத்தை நெரிக்கின்றான், அவள் அவன் கன்னத்தை வருடுகின்றாள், அவன் அழுகின்றான், அவள் ஒரு சொற்றொடர் கூறுகின்றாள். படம் முடிகின்றது.

பழிவாங்கல் என்னும் கருத்து

இப்படம் குறித்து இன்றளவும் பரவலாக வழங்கும் கருத்து ஒன்று உண்டு. தொலைக்காட்சி முடிவை ஏசிய பார்வையாளர்களைப் பழிவாங்கவே அன்னோ இப்படத்தை எடுத்தார் என்பதே அது. அக்கருத்துக்குத் துணையாகப் படத்தின் பிற்பாதியில் வரும் ஒரு காட்சி காட்டப்படுகின்றது. திடீரென ஓவியம் மறைந்து, உண்மையான தெருக்களும் உண்மையான மனிதர்களும் திரையில் தோன்றுகின்றனர். தொடர்ந்து, திரையரங்கில் அமர்ந்திருக்கும் பார்வையாளர் கூட்டமே திரையில் காட்டப்படுகின்றது. படம் பார்க்க வந்தவர் தம்மைப் போன்றோரையே எதிரில் காண்கின்றார். 'நன்றாக இருக்கிறதா?' என்று பொருள்படும் வினா ஒன்று அக்கூட்டத்தின்மீது எழுத்தாக ஓடுகின்றது. அடுத்து, படைப்பாளருக்குப் பார்வையாளர் அனுப்பிய மின்னஞ்சல்களும், கைனாக்ஸ் அலுவலகச் சுவரில் கிறுக்கப்பட்ட எழுத்துகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்னி மறைகின்றன. அவற்றுள் கொலைமிரட்டலும் உண்டு.

இக்காட்சியைக் கொண்டு பழிவாங்கல் கருத்தை நிறுவுதல் எளிதாகத் தோன்றலாம். ஆயினும், மூன்று சான்றுகள் அதனைத் தடுக்கின்றன. முதலாவது, மேலே குறிப்பிட்டவாறு, படத்தின் முதற்பாதி தொலைக்காட்சி முடிவு ஒளியேறுமுன்னரே எண்ணப்பட்ட கதையாகும். ஏசல் எழுமுன்னரே எழுதப்பட்டதை ஏசலுக்கான மறுமொழி என்று கூறுதல் பொருந்தாது. இரண்டாவது, தொலைக்காட்சித் தொடரின் இருபத்தைந்தாம் பகுதியிலேயே மிசாத்தோ குருதி சிந்திக் கிடப்பதும், ரிட்சுக்கோ நீரில் மிதப்பதும் ஓரிரு நொடிகள் காட்டப்படுகின்றன. அவர்கள் எவ்வாறு அந்நிலையை எய்தினர் என்பதைத் திரைப்படமே விரித்துரைக்கின்றது. ஆகவே, இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒரே நிகழ்வை அகத்தே நின்று ஒன்றும் புறத்தே நின்று மற்றொன்றும் காட்டுகின்றன என்று கொள்வோரின் கருத்துக்குப் பனுவலிலேயே இடமுண்டு. மூன்றாவது சான்று பலரால் கவனிக்கப்படுவதில்லை. படத்தை நிறுத்தி நோக்குவோர்க்கு, மின்னி மறையும் அம்மடல்களில் பாராட்டுகளும் இருப்பது புலனாகும். பழிவாங்கக் கருதியவர் பாராட்டையும் ஏன் சேர்த்தார் என்னும் வினாவுக்கு அக்கருத்தினர் விடை தருவதில்லை.

எனினும், அக்கருத்தை முற்றும் தள்ளிவிடவும் இயலாது. இப்படத்தில் சினம் இருக்கின்றது. பார்வையாளரை இருக்கையில் இருந்தபடியே கூனிக்குறுக வைக்கும் நோக்கமும் இருக்கின்றது. அச்சினம் ஏசியவர்மேல் மட்டும் சென்றதாகத் தோன்றவில்லை. ஓவிய உலகிலேயே உறைந்து, வெளியுலகத்தாரைச் சந்திக்க அஞ்சும் ரசிகத்தன்மையின்மேல் அது செல்கின்றது. அத்தன்மை தம்மிடமும் இருந்ததை அன்னோ நன்கு அறிந்தவர். ஷின்ஜி என்னும் மாந்தன் யாருடைய சாயல் என்பதில் திறனாய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

கருத்துகளை எவ்வாறு நோக்குவது?

பார்வையாளர் கருத்துகளைச் சேர்த்துத் தருவதே ஆய்வு என்று எண்ணும் போக்கு நம்மிடையே உண்டு. நூறு பேரிடம் வினாநிரல் கொடுத்து, விழுக்காடு கணக்கிட்டு முடித்துவிடுகின்றோம். 'எவாங்கேலியன்' பற்றிய கருத்துகளை அவ்வாறு கணக்கிட்டால் எஞ்சுவது யாது? பிடித்தது என்று இத்தனை பேர், பிடிக்கவில்லை என்று இத்தனை பேர். எதனைக் கண்டு பிடித்தது என்பது அதில் புலப்படாது.

ஜப்பானியச் சிந்தனையாளர் ஹிரோக்கி அசுமா 2001இல் வெளியிட்ட நூலில் இதற்கு வேறொரு வழி காட்டினார். ஆங்கிலத்தில் 2009இல் பெயர்க்கப்பட்ட அந்நூலில், 1990களின் ரசிகர்கள் ஒரு படைப்பை நுகரும் முறையே மாறிவிட்டது என்று அவர் வாதிடுகின்றார். முந்தைய தலைமுறையினர் பகுதிகளினூடே ஒரு பெருங்கதையைத் தேடினர். யமாத்தோவின் ரசிகரும் கண்டத்தின் ரசிகரும் அவ்வுலகின் வரலாற்றை ஆண்டுவரிசைப்படி தொகுத்து வைத்தனர். எய்ஜி ஓட்சுக்கா என்னும் திறனாய்வாளர் 1989இல் இதனைக் 'கதை நுகர்வு' என்று பெயரிட்டிருந்தார். 'எவாங்கேலியன்' ரசிகருள் பலரோ கதையைவிடக் கதைமாந்தரையே நுகர்ந்தனர் என்பது அசுமாவின் கருத்து. அயனாமி ரேய் என்னும் பேசாப் பெண்ணின் நீலக்கூந்தல், வெளிறிய மேனி, உணர்ச்சியற்ற குரல் ஆகிய கூறுகள் தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டு, பின்வந்த எத்தனையோ படைப்புகளில் மீண்டும் மீண்டும் கோக்கப்பட்டன. இதனை அவர் 'தரவுத்தள நுகர்வு' என்று அழைத்தார்.

இவ்விரு வகை நுகர்வையும் மனத்திற்கொண்டு நோக்கினால், முரணாகத் தோன்றும் கருத்துகள் தம் இடத்தில் பொருந்தி நிற்கின்றன. மருமங்கள் அவிழவில்லை என்று வருந்தியவர் கதையை நாடியவர். 'ரேய்க்கு இப்படி ஆகியிருக்கக்கூடாது' என்று வருந்தியவர் மாந்தரை நாடியவர். படத்தில் ரேயின் உருவம் வான்முட்டும் பேருருவாய் வளர்ந்து பின்னர்ச் சிதைந்து விழுகின்றது. மாந்தரை நாடியவர்க்கு இதனினும் பெரிய அதிர்ச்சி இருக்க முடியாது. அசுமாவின் பகுப்பைத் தமிழ்ச் சூழலுக்கு அப்படியே கொண்டுவருவது சரியன்று என்பது என் கருத்து. கதையும் மாந்தரும் அவ்வளவு எளிதில் பிரிபவை அல்ல. எனினும், கருத்துக் கூறியவர் எதனை நாடி வந்தார் என்று முதலில் வினவும் அவருடைய முறை நம் வினாநிரல்களுக்கு நல்ல மருந்து.

மறுபடைப்பும் மாறிய கருத்துகளும்

அன்னோ 2006இல் காரா என்னும் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, இக்கதையைத் திரைப்பட வரிசையாக மீண்டும் படைத்தார். 2007, 2009, 2012, 2021 ஆகிய ஆண்டுகளில் நான்கு படங்கள் வந்தன. முதற்படம் தொடரின் முதல் ஆறு பகுதிகளைப் பெரிதும் அடியொற்றியது. இரண்டாம் படத்தில் ஷின்ஜி துணிந்து ரேயை மீட்கின்றான். பத்தாண்டுகளுக்கு மேலாக அவனைக் கோழை என்று ஏசிவந்தோர் மகிழ்ந்தனர். மூன்றாம் படமோ பதினான்கு ஆண்டுகளைத் தாண்டிச் சென்று, அவனுடைய துணிச்சலே பேரழிவுக்குக் காரணமாயிற்று என்று காட்டியது. மகிழ்ந்தவர்கள் திகைத்தனர். பார்வையாளர் விரும்பியதைக் கொடுத்து, விரும்பியதன் விலையையும் அடுத்த படத்தில் கேட்டுவாங்கும் இவ்வுத்தி 1997 படத்தின் நேரடிச் சினத்தைக் காட்டிலும் நுட்பமானது.

பெருந்தொற்றால் ஒத்திவைக்கப்பட்டு 2021 மார்ச் 8இல் வெளியான இறுதிப்படம், ஜப்பானில் 1,000 கோடி யென்னுக்கு மேல் ஈட்டியது. வரிசையின் முந்தைய படங்கள் எவையும் அத்தொகையை எட்டியதில்லை. அதன் கடைசிக் காட்சியிலும் ஓவியம் மறைந்து உண்மையுலகு தோன்றுகின்றது. இம்முறை திரையில் வருவது திரையரங்கு அன்று. அன்னோ பிறந்த உபே நகரின் தொடருந்து நிலையமும் அதனைச் சூழ்ந்த தெருக்களும் ஆகும். வளர்ந்துவிட்ட ஷின்ஜி நிலையத்தை விட்டு ஓடிச் செல்கின்றான். பதின்ம வயதில் தொடரைக் கண்டவர்கள் அப்போது நாற்பது வயதைத் தொட்டிருந்தனர். அவர்களுள் பலர் படத்தைப் பற்றிக் கூறியது திறனாய்வாக இல்லை. நெடுநாள் உறவிடம் விடைபெறும் பேச்சாகவே இருந்தது.

மொழிபெயர்ப்பில் பிறந்த கருத்துகள்

ஜப்பானுக்கு வெளியே உள்ளோரின் கருத்துகளை ஆராயும்போது இன்னொரு சிக்கல் தோன்றுகின்றது. அவர்களுள் பெரும்பாலோர் கருத்துக் கூறுவது மொழிபெயர்ப்பைப் பற்றி. 2019 ஜூன் 21ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸ் தளம் இத்தொடரையும் 1997 படத்தையும் புதிய ஆங்கில மொழிபெயர்ப்போடு உலகெங்கும் வெளியிட்டபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. இருபத்து நான்காம் பகுதியில் கவோரு என்னும் இளைஞன் ஷின்ஜியிடம் தன் பற்றை வெளியிடுகையில் 'சுக்கி' என்னும் சொல்லை ஆள்கின்றான். பழைய ஆங்கில வடிவத்தில் அது காதல் என்னும் பொருள்பட அமைந்திருந்தது. புதிய வடிவத்தில் வெறும் விருப்பம் என்னும் அளவில் நின்றது. இருபது ஆண்டுகளாக அக்காட்சியைக் காதற்காட்சியாகவே போற்றிவந்த பார்வையாளர் வெகுண்டனர். 'சுக்கி' என்பது தின்பண்டத்தின் மீதான விருப்பம் முதல் காதல் வரை அனைத்துக்கும் பொதுவான சொல். பொதுச்சொல்லைப் பொதுச்சொல்லாகவே பெயர்த்தோம் என்பது மறுதரப்பின் வாதம். இரு தரப்பிலும் ஞாயம் உண்டு. ஆனால், தமிழில் இச்சண்டைக்கே இடமில்லை. 'உன்னை எனக்குப் பிடிக்கும்' என்னும் தொடர் 'சுக்கி' தாங்கும் அத்தனை ஐயப்பாட்டையும் தாங்கும். சொல்பவர் முகத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

இதனினும் முதன்மையானது 1997 படத்தின் கடைசிச் சொற்றொடர். கழுத்து நெரிக்கப்பட்ட அசுக்கா 'கிமோச்சி வருய்' என்கின்றாள். 'கிமோச்சி' என்பது உணர்வு; 'வருய்' என்பது தீயது, நல்லதன்று. உடல் குமட்டும்போதும் ஜப்பானியர் இதனையே கூறுவர். ஒருவனைக் கண்டு அருவருக்கும்போதும் இதனையே கூறுவர். ஆங்கில வடிவங்களிலும் ரசிகர் மொழிபெயர்ப்புகளிலும் இரண்டு போக்குகள் உள்ளன. அருவருப்பு என்று பெயர்த்ததைக் கண்டவர், அவள் ஷின்ஜியை வெறுத்தொதுக்குகின்றாள் என்றும், படம் நம்பிக்கையின்மையில் முடிகின்றது என்றும் கருத்துரைக்கின்றனர். குமட்டல் என்று பெயர்த்ததைக் கண்டவர், உருவிழந்து கரைந்தவள் மீண்டும் உடலைப் பெற்று அதன் நோவை உணர்கின்றாள் என்றும், அதனால் அது உயிர்ப்பின் முதற்சொல் என்றும் கருத்துரைக்கின்றனர். ஒரே படம் குறித்து நேர்மாறான இரு கருத்துகள். காரணம் துணையுரையில் ஒரு சொல்.

ஆங்கிலம் வழியே பார்ப்போர் அறிய இயலாத தொடர்பு ஒன்றும் இங்கே உள்ளது. முன்னர்த் திரையரங்கக் காட்சியில் பார்வையாளர்மீது எழுதப்பட்ட வினாவிலும் 'கிமோச்சி' என்னும் சொல்லே வருகின்றது. 'கிமோச்சி இய்' என்றால் உணர்வு நன்று. 'கிமோச்சி வருய்' என்றால் உணர்வு தீது. 'நன்றாக இருக்கிறதா?' என்று படம் பார்வையாளரைக் கேட்டது. கடற்கரையில் வரும் கடைசிச் சொற்றொடர் அவ்வினாவுக்கான விடையாகவும் ஒலிக்கின்றது என்பது என் துணிபு. அவ்வாறு கொண்டால், அது ஷின்ஜியை மட்டும் நோக்கிய சொல்லாகாது.

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரல் ஒன்று. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன்கள். உரையாசிரியர் பேராசிரியர், மெய்ப்பாட்டின் நிலைக்களன் தன்னிடத்தும் இருக்கலாம், பிறனிடத்தும் இருக்கலாம் என்று பகுத்துரைப்பார். கண்ணிலும் கையிலும் கட்டுகளோடு கிடக்கும் அசுக்காவின் சொற்றொடரில் இவ்விரண்டும் பிரிக்கவியலாதவாறு கலந்து கிடக்கின்றன. ஆங்கிலத் துணையுரை எழுதுவோர் யாரை நோக்கியது, எதனை நோக்கியது என்று ஒன்றைத் தெரிந்தாக வேண்டியுள்ளது. தமிழில் 'அருவருப்பாக இருக்கிறது' என்றால் ஒன்று. 'குமட்டுகிறது' என்றால் மற்றொன்று. 'ஒருமாதிரியாக இருக்கிறது' என்று எழுவாயை விட்டுவிட்டுச் சொன்னால், உடம்பா, ஆளா, நடந்ததா என்று தெரியாமல் மூலத்தைப் போலவே சொல் நின்றுவிடுகின்றது. அதன் கூர்மை சற்று மழுங்குகின்றது என்பது மட்டுமே குறை.